பீரங்கிக்கு வழி சொன்னவர்கள்



இந்த இதழ் உங்கள் கைபேசிக்கு வரும்போது ஜூலை பிறந்திருக்கும். 26-ஆம் தேதி கார்கில் வெற்றி நாள். வழக்கம்போல நம் வாட்ஸ்அப் குழுவில் தேசியக் கொடியும், பனிமலையும், வானத்தைப் பார்த்து நிற்கும் போஃபர்ஸ் பீரங்கியும் வந்து குவியும். நானும் அனுப்புவேன். ஆனால் இந்த வருடம் அந்தப் பீரங்கிப் படத்தைப் பார்க்கும்போது ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கி நின்றது பள்ளத்தாக்கில். எதிரி இருந்தது பல ஆயிரம் அடி உயரத்தில், மலை முகட்டில். பெரும்பாலான நேரம் பீரங்கியின் பக்கத்தில் நின்றவருக்கு எதிரி கண்ணிலேயே படவில்லை. அப்படியானால் குண்டு எங்கே போய் விழ வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

முன்னால் போயிருந்த நான்கைந்து பேர் சொன்னார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பி.காம். படித்து, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஆளுக்கு ராணுவத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படித்துப் பார்த்தால் அந்த நான்கைந்து பேர் செய்ததும் கணக்கு வேலைதான் என்று தெரிந்தது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

சஞ்சீவி மலையை வைத்து ஒரு விளக்கம்

முதலில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இரண்டாம் உலகப் போரில் நம் படைகள் பயன்படுத்திய 25-பவுண்டர் பீரங்கியின் எட்டுத்தூரம் சுமார் 12 கிலோமீட்டர். ஏறக்குறைய ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் உள்ள தூரம். போஃபர்ஸ் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது, 24 கிலோமீட்டருக்கு மேல் போகும்.

சஞ்சீவி மலைக்கு ஒரு பக்கம் பீரங்கி நிற்கிறது, மறுபக்கம் நீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள் இலக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரங்கிக்காரருக்குத் தெரிவது மலை மட்டுமே. மலை உச்சியில் ஒருவர் இருந்தால் அவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். அவரிடம் ஒரு பைனாகுலர், ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி, ஒரு வயர்லெஸ். இவருக்கு ராணுவத்தில் முன்னணி நோக்கு அதிகாரி என்று பொருள்படும் ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. சுருக்கமாக எஃப்.ஓ.ஓ. என்பார்கள். அவர் இருக்கும் இடம் ஓ.பி. கூடவே ஒரு உதவியாளர், வயர்லெஸ் இயக்குபவர் என்று சிலர். மொத்தம் நான்கைந்து பேர். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் எதிரி கண்ணில் பட்டுவிடும்.

இலக்கின் இடத்தை வரைபட எண்ணாக இவர் சொல்வார். பின்னால் இருப்பவர்கள் அதைப் பீரங்கியின் கோணமாகவும் திசையாகவும் மாற்றி ஒரே ஒரு குண்டு விடுவார்கள். அது இலக்கைத் தாண்டி விழுந்தால் "டிராப் 400", அதாவது 400 மீட்டர் குறை. அடுத்தது முன்னாலேயே விழுந்தால் "ஆட் 200". மறுபடி தாண்டினால் "டிராப் 100". இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் "ஆட் 50, ஃபயர் ஃபார் எஃபெக்ட்" என்றதும் எல்லாப் பீரங்கிகளும் ஒன்றாக முழங்கும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன் வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த முறை பழக்கமானது. ஆண்டுக் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் பாதிப் பக்கம் வரை கூட்டிப் பார்ப்போம். வித்தியாசம் எந்தப் பாதியில் என்று தெரிந்ததும் அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குவோம். அவர்களும் அப்படித்தான் தேடுகிறார்கள். இன்னொரு ஒற்றுமையும் உண்டு. ஓ.பி.யில் இருந்து சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் பீரங்கிப் பக்கம் இருப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் எழுத மற்றவர் டிக் போடுவது போல. வேறுபாடு ஒன்றே ஒன்று: நாங்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்தோம். இவர்கள் தலைக்கு மேல் தோட்டா பறக்கும்போது செய்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரிந்ததைச் சுட்ட காலம்

பழைய காலத்தில் இந்த ஆளே தேவைப்படவில்லை. காரணம், பீரங்கிக்காரர் தன் கண்ணால் பார்த்ததைத்தான் சுட்டார். நமக்குத் தெற்கே, சிவகிரி தாண்டி வாசுதேவநல்லூர், அதற்கப்பால் நெற்கட்டும்செவல். பூலித்தேவரின் மண்கோட்டைகளை 1761-ல் யூசுஃப் கான் பிடித்தபோது, பீரங்கிகளைக் கோட்டைச் சுவர் தெரியும் தூரத்துக்கு இழுத்து வரவேண்டியிருந்தது. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சியில் மார்ச் மாதம் தோற்றுப் போன கம்பெனிப் படை, மே மாதம் பெரிய பீரங்கிகளோடு திரும்பி வந்து சுவரை உடைத்தபோதும் அதே நிலைதான். பீரங்கி சுவரைப் பார்க்கிறது என்றால், சுவரில் இருப்பவனும் பீரங்கியைப் பார்க்கிறான். இரண்டு பக்கமும் உயிர் போகும்.

சென்னைவாசிகள் இன்றும் பேசும் எம்டன் கப்பல் கதையும் இந்த வகைதான். 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் கப்பல் எம்டன் கடற்கரையை நெருங்கி வந்து, விளக்கைப் பாய்ச்சிப் பார்த்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. நூறு குண்டுகளுக்கு மேல் விழுந்தன. கரையில் அதற்கு வழிகாட்ட யாரும் இல்லை, தேவையும் இல்லை. கரையிலேயே இருந்த வெள்ளைத் தொட்டிகளைக் கண்டுபிடிக்க என்ன கஷ்டம்? துறைமுகத்தைத் தாண்டி ஊருக்குள் ஓர் இடத்தைக் குறி வைக்க வேண்டும் என்றால் அந்தக் கப்பலுக்குக் கண் இருந்திருக்காது.

கம்பி அறுந்த கதை

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துப்பாக்கியின் எட்டுத்தூரம் கூடியது. வெட்டவெளியில் பீரங்கியை நிறுத்தினால் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் பீரங்கிகளை மேட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, முன்னால் ஒருவரை அனுப்பி டெலிபோனில் திருத்தம் கேட்கும் முறை நன்றாக நிலைபெற்றது. பீரங்கியும் அதன் கண்ணும் பிரிந்தது அப்போதுதான்.

பிரிந்த கண்ணைச் சேர்த்து வைத்தது ஒரு கம்பி. முதல் உலகப் போரில் அந்தக் கம்பியின் கதி என்னவென்று பாருங்கள். 1915 மார்ச் 10, பிரான்சில் நூவ் ஷாப்பெல். இந்தியப் படைப்பிரிவும் சேர்ந்து தாக்கிய போர் அது. முன்னூறுக்கு மேற்பட்ட பீரங்கிகள் அரைமணி நேரம் சுட்டன, கிராமம் கைக்கு வந்தது. அதன் பிறகு எல்லாம் நின்றுபோனது. டெலிபோன் கம்பிகளை எதிரிக் குண்டுகள் அறுத்துவிட்டன. நம் ஆட்கள் எதுவரை போயிருக்கிறார்கள் என்று பின்னால் இருந்த பீரங்கிகளுக்குத் தெரியவில்லை. செய்தி சொல்ல ஆள் ஓட வேண்டும், ஓடுகிறவர் போய்ச் சேருவது நிச்சயமில்லை. எத்தனை பீரங்கி இருந்தும், முன்னால் இருப்பவரின் சொல் பின்னால் வராவிட்டால் அது இரும்புதான்.

ஒரு கேப்டனின் சாங்ஷன் பவர்

1939-க்குள் கம்பிக்குப் பதில் வயர்லெஸ் வந்துவிட்டது. அடுத்த கேள்வி, அதிகாரம் யாரிடம்?

வங்கியில் ஒரு கிளை மேலாளர் ஒரு வரம்பு வரைதான் கடன் கொடுக்கலாம். அதற்கு மேல் என்றால் வட்டார அலுவலகம், அதற்கும் மேல் தலைமை அலுவலகம். அமெரிக்கப் படையில் முன்னால் இருக்கும் அதிகாரி குண்டு கேட்டு விண்ணப்பிப்பார். கொடுப்பதா, எவ்வளவு என்று பின்னால் உள்ள மையம் முடிவு செய்யும். பிரிட்டிஷ் முறை வேறு. அங்கே முன்னால் இருக்கும் கேப்டன் விண்ணப்பிப்பதில்லை, உத்தரவிடுகிறார். ஒரு ரெஜிமென்டின் 24 பீரங்கிகளும் ஒரே இலக்கில் விழ வேண்டும் என்றால் "மைக் டார்கெட்" என்ற ஒரு சொல் போதும். டிவிஷனின் 72 பீரங்கிகளும் வேண்டுமென்றால் "அங்கிள் டார்கெட்". மூத்த அதிகாரிகள் காலாட்படைத் தளபதியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். களத்தைப் பார்ப்பவர் அந்த இளைஞர் என்பதால் சாங்ஷன் பவர் அவரிடம். நம் ராணுவம் வளர்ந்தது இந்த மரபில்தான்.

இந்தியருக்கு இந்த அதிகாரம் கிடைத்ததே தாமதமாகத்தான். 1857-க்குப் பிறகு, மலைப் பீரங்கிப் பிரிவுகளைத் தவிர, பெரிய பீரங்கிகளை இந்தியர் கையில் கொடுக்க ஆங்கிலேயருக்கு மனம் வரவில்லை. 1935-ல் பெங்களூரில்தான் இந்திய வீரர்களைக் கொண்ட முதல் பீல்டு பிரிகேடு உருவானது. அதில் ஒரு பேட்டரி மதராஸ் வீரர்களுடையது.

அந்தக் காலகட்டத்தில் பீரங்கிப் படையில் அதிகாரியானவர் திருச்செங்கோடு பக்கத்துக் குமாரமங்கலத்தைச் சேர்ந்த பி.பி. குமாரமங்கலம். சென்னை மாகாண முதல்வராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். 1942 மே மாதம் லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் அருகே எதிரி டாங்குகள் கண்ணெதிரே வந்து நின்றபோது அவருடைய 2-ஆவது பீல்டு ரெஜிமென்டுக்கு ஓ.பி., திருத்தம் எதற்கும் நேரமில்லை. பழைய காலத்தைப் போலப் பார்த்ததை நேருக்கு நேர் சுட்டார்கள். அந்தப் போரில் டி.எஸ்.ஓ. விருதும் பெற்று, போர்க் கைதியாகவும் ஆனார். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதி அவர்தான். பின்னால் 2000 முதல் 2002 வரை தலைமைத் தளபதியாக இருந்து, 2024-ல் சென்னையில் காலமான ஜெனரல் எஸ். பத்மநாபனும் பீரங்கிப் படைக்காரர்.

கடலில் இருந்து சுடும் கப்பலுக்கும் இந்தப் போரில் கரையில் கண் இருந்தது. எம்டனுக்கு இல்லாத வசதி. 1944 ஜூன் 6, நார்மண்டியில் பாயின்ட் து ஓக் என்ற செங்குத்துப் பாறையில் ஏறிய அமெரிக்க ரேஞ்சர்களுடன் கப்பல் பீரங்கிக்கு வழி சொல்ல ஒரு சிறு குழு போனது. அவர்களுடைய வயர்லெஸ்கள் சரியாக வேலை செய்யவில்லை. கையில் இருந்த சிக்னல் விளக்கை மினுக்கி மினுக்கி, சாட்டர்லீ என்ற போர்க்கப்பலுக்குக் குறிப்புச் சொன்னார்கள். பாறை கைவிட்டுப் போகாமல் இருந்ததில் அந்த விளக்குக்குப் பங்கு உண்டு.

போருக்குப் பின் இதற்கென்றே தனிப் பிரிவுகள் வந்தன. அமெரிக்காவில் ஆங்கிலிகோ என்று ஒன்று 1949-ல் அமைந்தது. அதன் சிறு குழுக்கள் சொந்தப் படையோடு இருப்பதைவிட நட்பு நாட்டுப் படைகளோடு போய் இருந்து, அமெரிக்கக் கப்பலையும் விமானத்தையும் அழைத்துக் கொடுப்பதுதான் வேலை. வியட்நாமில் தென்கொரியக் கடற்படை வீரர்களோடு இப்படி இருந்தார்கள். பிரிட்டனில் 148-ஆவது பேட்டரி. 1982-ல் ஃபாக்லாந்துத் தீவுகளில் ஐந்து பேர் கொண்ட அதன் குழுக்கள் முன்கூட்டியே கரையேறி ஒளிந்திருந்து கப்பல் பீரங்கிகளுக்கு வழி சொன்னார்கள். அந்தப் பேட்டரியின் பட்டப்பெயர் 'மெய்க்திலா'. பர்மாவில் ஓர் ஊர் அது. 1945-ல் 17-ஆவது இந்திய டிவிஷன் போரிட்ட இடம்.

மலை மறைத்ததும் விமானம் காட்டியதும்

சுதந்திர இந்தியாவுக்கு வருவோம். கண் இல்லாவிட்டால், அல்லது மலை மறைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1962 நவம்பர் 18 ஒரு கசப்பான பாடம். லடாக்கில் சூஷூல் அருகே ரெசாங் லா. மேஜர் சைத்தான் சிங் தலைமையில் 13-ஆவது குமாவுன் படையின் ஒரு கம்பெனி, ஏறத்தாழ 120 பேர். நம் பீரங்கிகளுக்கும் அந்தக் கணவாய்க்கும் நடுவில் மலை நின்றது. குண்டு வளைந்து போகும் என்றாலும் அதற்கும் எல்லை உண்டு. மலை மிக உயரமாக இருந்து, இலக்கு அதன் பின்னால் ஒட்டியிருந்தால் குண்டு அங்கே இறங்காது. யாரும் உதவ முடியவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர் அங்கேயே மடிந்தார்கள். மேஜருக்கு மறைவுக்குப் பின் பரம வீர் சக்ரா.

ஒன்பது ஆண்டுகள் கழித்து நேர்மாறான காட்சி. 1971 டிசம்பர் 5 விடியற்காலை, ராஜஸ்தானில் லோங்கேவாலா. 'பார்டர்' படம் பார்த்தவர்களுக்கு மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியையும் அவருடைய கம்பெனியையும் தெரியும். ஜெய்சல்மீரிலிருந்து ஹன்டர் விமானங்கள் வந்து பாகிஸ்தான் டாங்குகளை அடித்ததும் தெரியும். அந்த ஹன்டர்களுக்குக் கீழே, அவற்றைவிடப் பல மடங்கு மெதுவாக, கிருஷக் என்ற சின்ன விமானம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. பெங்களூர் எச்.ஏ.எல். தயாரிப்பு. ஓட்டியவர் மேஜர் ஆத்மா சிங், ஏர் ஓ.பி. என்ற பிரிவைச் சேர்ந்த தரைப்படைக்காரர். டாங்குகள் எங்கே என்று பார்த்துப் பார்த்து அவர் சொல்ல, ஹன்டர்கள் அடித்தன. முப்பதுக்கும் மேற்பட்ட டாங்குகளைப் பாகிஸ்தான் அந்தச் சண்டையில் இழந்தது. கீழே இருந்து ஒருவன் துப்பாக்கியால் சுட்டாலே விழுந்துவிடக்கூடிய விமானத்தில் வட்டமிட்டதற்கு அவருக்கு வீர் சக்ரா கிடைத்தது.

கார்கில் கணக்கு

இப்போது 1999. ராணுவம் தரும் கணக்குப்படி கார்கிலில் நம் பக்கம் சுட்ட குண்டுகளும் ராக்கெட்டுகளும் 2,50,000-க்கு மேல். சண்டை நடந்தது சுமார் இரண்டு மாதம். சராசரி போட்டுப் பாருங்கள், நாள் ஒன்றுக்கு 4,000 தாண்டும். டைகர் ஹில்லைப் பிடித்த நாளில் மட்டும் 9,000 என்கிறார்கள்.

இத்தனை குண்டும் எங்கே விழ வேண்டும்? கத்தி முனை போன்ற முகட்டில், கல்லை அடுக்கிக் கட்டிய ஒரு சிறு பதுங்கு குழியில். சமவெளியில் 50 மீட்டர் தள்ளி விழுந்த குண்டின் புகை தெரியும், திருத்தலாம். அங்கே 50 மீட்டர் தாண்டினால் குண்டு மலையின் மறுபக்கப் பள்ளத்தில் போய்விடும், எங்கே விழுந்தது என்றே தெரியாது. உயரத்தில் காற்று மெல்லியது என்பதால் குண்டு வழக்கத்தைவிடத் தூரம் போகும், சமவெளிக் கணக்கு அப்படியே ஒத்துவராது. எதிரிப் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று காட்டும் ரேடார்களும் அப்போது நம்மிடம் போதுமான அளவில் இல்லை. சில இடங்களில் போஃபர்ஸை முன்னால் கொண்டுவந்து நேராகப் பார்த்தே சுட்டார்கள். மற்ற இடங்களில் எல்லாம் நம்பியது ஓ.பி.யைத்தான்.

அதனால் ஒவ்வொரு தாக்குதலிலும் காலாட்படையோடு பீரங்கிப் படையின் சிறு குழுவும் இரவில் மலை ஏறியது. காலாட்படை முன்னேற முன்னேற, அவர்களுக்கு முன்னால் விழும் குண்டுகளைத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். தள்ள மறந்தால் நம் ஆட்கள் மேலேயே விழும். சீக்கிரம் நிறுத்தினால் எதிரி தலையைத் தூக்கிச் சுடத் தொடங்குவான். எப்போது நிறுத்துவது என்பது அந்த இளம் அதிகாரியின் முடிவு. எதிரியும் முதலில் தேடுவது பைனாகுலரும் ஏரியலும் வைத்திருப்பவரைத்தான்.

கேப்டன் ஆர். ஜெர்ரி பிரேம்ராஜ் அப்படி ஏறியவர். நம் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் அருகே வெங்ஙானூரைச் சேர்ந்தவர். 158-ஆவது மீடியம் ரெஜிமென்ட். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. திராஸ் பகுதியில் எஃப்.ஓ.ஓ.வாகப் போய், குண்டடி பட்ட பிறகும் வயர்லெஸ்ஸில் திருத்தம் சொல்லிக்கொண்டே இருந்து, 1999 ஜூலை 7-ல் உயிர் விட்டார். மறைவுக்குப் பின் வீர் சக்ரா. அதே போரில் மே 29-ல் வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனை நமக்குத் தெரியும். அவருக்கு ஊரில் நினைவுச்சின்னம் இருக்கிறது, வருடா வருடம் மாலை விழுகிறது. ஜெர்ரி பிரேம்ராஜின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவர் வழிகாட்டிய பீரங்கியின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

2022-ல்தான் திராஸில் 5140-ஆம் புள்ளி என்ற சிகரத்துக்கு, பீரங்கிப் படையினரின் நினைவாக 'கன் ஹில்' என்று பெயர் வைத்தார்கள்.

ஓர் எண் தவறினால்

இவ்வளவும் படித்துவிட்டு, ஏதோ வீரக்கதை என்று நீங்கள் மூடி வைத்துவிடக் கூடாது. ஒரு சிறு குழுவின் கையில் இத்தனை பலம் இருந்தால், அதன் தவறும் அத்தனை பெரியது.

2001 டிசம்பர் 5, ஆப்கானிஸ்தானில் கந்தஹார் அருகே. ஓர் அமெரிக்கச் சிறப்புக் குழு, மேலே பறக்கும் பி-52 விமானத்துக்கு இலக்கின் எண்களைக் கொடுக்க வேண்டும். அவர்கள் வைத்திருந்த ஜி.பி.எஸ். கருவியில் பேட்டரி தீர்ந்தது. புதுப் பேட்டரி போட்டார்கள். பேட்டரி மாற்றினால் அந்தக் கருவி தான் இருக்கும் இடத்தின் எண்ணையே திரையில் காட்டும். அதைக் கவனிக்காமல் அந்த எண் அனுப்பப்பட்டது. 2,000 பவுண்டு குண்டு அவர்கள் நின்ற இடத்திலேயே விழுந்தது. மூன்று அமெரிக்கர்களும் ஆப்கானியர் பலரும் இறந்தார்கள். பின்னால் அந்நாட்டு அதிபரான ஹமீத் கர்சாய் அன்று அங்கேதான் இருந்தார், சிறு காயத்தோடு தப்பினார். குண்டு மிகத் துல்லியமாக வேலை செய்தது. எண்தான் தவறு. வங்கியில் கணக்கு எண் மாறிப் பணம் போய்விட்டால் மறுநாள் எதிர்ப்பதிவு போட்டுச் சரி செய்துவிடலாம். இங்கே எதிர்ப்பதிவு கிடையாது.

இன்னொன்று எண் தவறிய கதை அல்ல, அதைவிடக் கனமானது. 2009-ல் நமக்குப் பக்கத்தில், கடலுக்கு அப்பால், வன்னியில் நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011-ல் வெளியிட்ட அறிக்கை, இலங்கை அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த பகுதிகளில் அரசுப் படைகளின் பீரங்கிக் குண்டுகள் பெருமளவில் விழுந்தன என்ற குற்றச்சாட்டை நம்பத்தக்கது என்றது. மக்கள் கூட்டத்துக்கு அருகிலிருந்து புலிகள் பீரங்கி சுட்டார்கள் என்பதையும் அதே அறிக்கை சொன்னது. வானத்தில் ஆளில்லா விமானங்கள் பார்த்துக்கொண்டிருந்தன. மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் பீரங்கி தடுமாறிய காலம் போய்விட்டது. கீழே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் வசதி இருந்தது. தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் மீதி இருந்த கேள்வி. "சுடு" என்று சொல்லும் அதிகாரம் முன்னால் இருப்பவரிடம் இருக்கிறது என்றேன். "வேண்டாம், அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள்" என்று சொல்லும் கடமையும் அதே ஆளிடம்தான் இருக்கிறது. நாசிக் பக்கத்தில் தேவ்லாலி பீரங்கிப் பள்ளியில் மாதக்கணக்கில் கோணமும் தூரமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் படிப்பின் பயன் குண்டைச் சரியான இடத்தில் விழ வைப்பது மட்டும் அல்ல, தவறான இடத்தில் விழாமல் தடுப்பதும்தான்.

இன்று இந்த வேலையில் பாதியை டிரோன்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. உக்ரைன் போர்ச் செய்திகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு பையன் பதுங்கு குழிக்குள் உட்கார்ந்து திரையைப் பார்த்தே திருத்தம் சொல்கிறான். மலை ஏற வேண்டாம், ஏரியலை நீட்ட வேண்டாம். நல்லதுதான், ஓர் உயிர் பிழைக்கும். ஆனால் திரையில் பார்ப்பதும் எதிரே நின்று பார்ப்பதும் ஒன்றா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைப் பற்றி என்னைவிட நன்றாகப் பேசுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஜூலை 26 அன்று போஃபர்ஸ் படம் அனுப்புகிறவர்கள் அதன் கீழே கேப்டன் ஜெர்ரி பிரேம்ராஜ், மேஜர் ஆத்மா சிங் என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். நம் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் யாரையாவது சந்தித்தால், எந்தப் பிரிவு என்று கேளுங்கள். ஆர்ட்டிலரி என்று பதில் வந்தால், "அண்ணாச்சி, நீங்கள் பீரங்கிப் பக்கமா, ஓ.பி. பக்கமா?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். ஓ.பி. என்று சொன்னால் அவசரப்படாமல் உட்காருங்கள். காபி ஆறிப் போனாலும் பரவாயில்லை, அவர் சொல்லி முடிக்கட்டும்.